விர்ஜின் தீவுகளில் பாய்மரப் படகு முகாம்: பிள்ளைகளுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

நெய்தல்அம்மா (நியூஜெர்சி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினைந்து வயது. கரீபியன் கடலில், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் கோடை விடுமுறையில் நடக்கும் மூன்று வாரப் பாய்மரப் படகு முகாமுக்குப் போயே தீருவேன் என்கிறாள். பள்ளித் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு போய் வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். இரவும் பகலும் படகிலேயே தங்குவார்களாம்.

விளம்பரப் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பிள்ளைகள் படகிலிருந்து தண்ணீரில் குதிக்கிறார்கள். மூன்று வாரமும் அதையேவா செய்வார்கள்? காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். நாங்கள் மதுரைப் பக்கம். வீட்டில் யாருக்கும் கடல் பழக்கம் கிடையாது. மகள் நன்றாக நீந்துவாள், ஆனால் எல்லாம் நீச்சல் குளத்தில்தான். முட்டைகூடச் சாப்பிடமாட்டாள். அவள் அப்பாவுக்குப் புயலை நினைத்துக் கவலை. எனக்கு அவளைத் தனியே அனுப்புவதே கவலை.

கணக்குப்பிள்ளை (டாலஸ்) எழுதியது:

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பல ஆயிரம் டாலர் செலவு. அந்தப் பணத்தில் குடும்பமே ஒரு மாதம் ஊருக்குப் போய் வரலாம். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்காகவே பல பெற்றோர் இதற்கு அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். மகள் என்ன கற்றுக்கொண்டு வருவாள் என்று யாராவது சொன்னால் நானும் கேட்கத் தயார். அழகான கடல், அழகான தீவு என்பது மட்டும் போதாது.

காற்றுப்பக்கம் (லண்டன்) எழுதியது:

அக்கா, இதே தீவுகளில் இப்படிப்பட்ட முகாம் படகுகளில் சில கோடைகள் துணை மாலுமியாக வேலை பார்த்திருக்கிறேன். குதிப்பது உண்மைதான், ஆனால் நாளில் அதற்குக் கிடைப்பது சிறிது நேரமே. மீதியெல்லாம் வேலை. படகை ஓட்டுவது, சமைப்பது, கழுவுவது எல்லாம் பிள்ளைகள். பெரியவர்களாகிய நாங்கள் பக்கத்தில் நிற்போம். ஆபத்து என்றால் மட்டுமே கை வைப்போம்.

பெரும்பாலும் 45 முதல் 50 அடி நீளமுள்ள கேட்டமரான், அதாவது இரட்டை உடல் கொண்ட படகு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். பொறுப்புகள் தினமும் மாறும். ஒருவர் அன்றைய ஸ்கிப்பர் (படகுத் தலைவர்), ஒருவர் அவருக்குத் துணை, ஒருவர் வரைபடம் பார்த்து வழி சொல்பவர், இருவர் சமையல், இருவர் பாத்திரம், ஒருவர் கழிப்பறை. நேற்று ஸ்கிப்பராக இருந்தவர் இன்று கழிப்பறை கழுவுவார்.

நார்மன் தீவின் விரிகுடாவில் இரவு தங்கிய ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும். ஸ்கிப்பர் மற்றவர்களை எழுப்ப வேண்டும். துணை ஸ்கிப்பர் இயந்திர அறையின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார். குளிர்விக்கும் நீர் இருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கடல்நீர் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கிறதா, படகின் அடித்தட்டில் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் காலை உணவு.

அடுப்பைப் பற்றவைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெளியே பெட்டியில் இருக்கும் சிலிண்டரைத் திறப்பதும் மூடுவதும் சமையல்காரர்கள் இருவரின் பொறுப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம். படகில் கசிந்தால் கீழ்த்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். ஆகவே வால்வை மூடிவிட்டு உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் இதைக் கேலியாகச் செய்வார்கள். அப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

பக்கத்திலேயே 'இந்தியன்ஸ்' என்று நான்கு பாறைகள் கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும். அங்கே நங்கூரம் போட அனுமதியில்லை, பவளம் உடைந்துவிடும். தேசியப் பூங்கா நிர்வாகம் போட்டிருக்கும் மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். மேலே நீந்திப் பார்க்க மட்டும் வந்தவர்களுக்குச் சிவப்பு, சொந்தப் படகில், காற்றுக்கலம் மாட்டி ஆழத்தில் முக்குளிக்க வந்தவர்களுக்கு வெள்ளை, முக்குளிப்பு நிறுவனப் படகுகளுக்கு மஞ்சள். வெள்ளை மிதவையில் தொண்ணூறு நிமிடத்துக்குமேல் இருக்கக் கூடாது. சுவாசக் குழாய் வைத்துக்கொண்டு பாறையைச் சுற்றி நீந்துவார்கள். அங்கே சிங்கமீனைப் பார்த்தால் பயிற்சியாளர் உடனே குறித்துக்கொள்வார். நம் மன்னார் வளைகுடாவில் அது உள்ளூர் மீன். கரீபியனில் வந்தேறி, தின்பதற்கு ஆளில்லாமல் பெருகிச் சிறுமீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கப்புறம்தான் உண்மையான படகோட்டம். டார்டோலா தீவு ஒரு பக்கம், நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் என்று தீவுகள் மறுபக்கம், நடுவே சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய். 1595இல் ஆங்கிலேயக் கடலோடி டிரேக் இந்த வழியாகப் போனதால் வந்த பெயர். அட்லாண்டிக்கின் நடுவே நிலைத்திருக்கும் உயரழுத்த மண்டலத்திலிருந்து கிளம்பும் வணிகக் காற்று கோடையில் கிழக்கிலிருந்து 15 முதல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் பெரும்பாலும் விடாமல் வீசும். காற்று பலமாக இருக்கும், ஆனால் தீவுகள் தடுப்பதால் அலை பெரிதாக எழாது. அடுத்த தீவு எப்போதும் கண்ணில் தெரியும். ஓத ஏற்ற இறக்கமும் அரை மீட்டருக்குள்தான். பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கடலை நான் பார்த்ததில்லை.

போகவேண்டிய கூப்பர் தீவு கிழக்கே இருக்கிறது, காற்றும் கிழக்கிலிருந்தே வருகிறது. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேரெதிராகப் போகாது. காற்றிலிருந்து ஏறத்தாழ 45 பாகை (டிகிரி) விலகி வலப்பக்கம் கொஞ்சம், அப்புறம் திரும்பி இடப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஸ்கிப்பர் எச்சரிக்கை கொடுப்பார். வின்ச்சில், அதாவது பாய்க்கயிறு சுற்றும் உருளையில், நிற்பவர்கள் 'தயார்' என்று பதில் சொல்வார்கள். சுக்கான் திரும்பும், முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் போகும், ஒருவர் கயிற்றை விடுவிக்க, எதிர்ப்பக்கம் இருப்பவர் மளமளவென்று இழுத்து வின்ச்சில் சுற்றுவார். கேட்டமரான் திரும்புவதற்கு மெதுவானது. வேகம் குறைந்திருக்கும்போது திருப்பினால் பாதியில் நின்று காற்றைப் பார்த்தபடி பின்வாங்கும். அப்போது யாரும் யாரையும் குறைசொல்லாமல், முன்பாயைப் பின்பக்கமாகக் காற்றில் பிடித்து அணியத்தை (படகின் முன்முனையை) தள்ளித் திருப்ப வேண்டும்.

உங்கள் மகளுக்கு நீண்ட கூந்தல் என்றால் ஒரு வார்த்தை: பின்னலைத் தொங்கவிடக் கூடாது, சுருட்டிக் கொண்டையாகக் கட்டித் தொப்பிக்குள் வைக்க வேண்டும். சுழலும் வின்ச்சில் முடி சிக்கினால் நொடியில் தலையை இழுத்துவிடும். மோதிரம், கொலுசு, நீளமான சங்கிலி எதுவும் வேண்டாம்.

கோடையில் அவ்வப்போது மழைப்புயல் குறுக்கே வரும். கிழக்கே வானம் சாம்பல் திரையாக இறங்கும், தண்ணீர் கருத்து வெண்நுரை கட்டும். பத்து நிமிடத்துக்குள் காற்று 18 நாட்டிலிருந்து 30க்கு ஏறிவிடும். அது வந்து அடித்த பிறகு பாயைச் சுருக்குவது கடினம். 'இப்போதே சுருக்கலாமா?' என்று யோசனை எழுந்தாலே சுருக்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஒருமுறை பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஸ்கிப்பராக இருந்தான். அமைதியான பையன், குரலே எழும்பாது. மழைத்திரையைப் பார்த்துவிட்டு எங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நாங்கள் வேண்டுமென்றே முகத்தில் எதையும் காட்டவில்லை. அவனே எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி போடச் சொல்லி, பெரிய பாயை ஒரு மடிப்பு இறக்கி, முன்பாயைப் பாதி சுருட்டவைத்தான். காற்று வந்து அடித்தபோது படகு நிதானமாக ஓடியது. கணக்குப்பிள்ளை ஐயா, 'என்ன கற்றுக்கொள்வார்கள்' என்று கேட்டீர்களே, அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் சொல்வேன்.

மதியம் சால்ட் தீவு. 1867 அக்டோபர் 29 அன்று சூறாவளியில் 'ரோன்' என்ற ராயல் மெயில் நீராவிக்கப்பல் அந்தத் தீவின் பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பின்பகுதி ஆழம் குறைவான இடத்தில் கிடக்கிறது, முன்பகுதி 25 மீட்டர் ஆழத்துக்கு அருகில். முதல்நிலை முக்குளிப்புச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை என்பதால் புதியவர்களுக்குப் பின்பகுதி மட்டுமே. உள்ளே இறங்குமுன் சோடி சோடியாக ஒருவர் கருவியை ஒருவர் தொட்டுச் சோதிப்பார்கள். கப்பலின் உந்துவிசிறி இதழ்மேல் பவளம் மூடியிருக்கும், அதனடியில் மீன்கூட்டம் அசையாமல் நிற்கும். மேலே வந்ததும் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம், எவ்வளவு ஆழம் என்று எழுத வேண்டும்.

மாலையில் கூப்பர் தீவின் மேற்குப் பக்கம் நங்கூரம். கீழே கடற்புல்லும் மணலும் கலந்திருக்கும். பச்சை ஆமைகள் அந்தப் புல்லைத்தான் மேய்கின்றன, நங்கூரமும் புல்லில் சரியாகக் கடிக்காது. ஆகவே வெளிர்நிறமாகத் தெரியும் மணல்திட்டைத் தேட வேண்டும். ஆழம் 6 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் 1 மீட்டர், கூட்டினால் 7; அதற்கு ஐந்து மடங்கு, 35 மீட்டர் சங்கிலி. கணக்கைப் பிள்ளைகள்தான் போடுவார்கள். அணியத்தில் நிற்பவரின் குரல் காற்றில் சுக்கானுக்கு எட்டாது என்பதால் எல்லாம் கைச்சைகை. போட்ட பிறகு ஒருவர் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தபடியே நீந்திப்போய், நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவார். கவிழ்ந்து கிடந்தால் மறுபடி முதலிலிருந்து. பசி எடுக்கும், இருட்டப் போகும், ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

இரவு உணவுக்குப் பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பேசுவார்கள். ஸ்கிப்பர் தன் முடிவுகளைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், மறுநாள் பொறுப்புகள் அறிவிக்கப்படும். அதிகபட்சம் ஒன்பதரைக்குப் பெரும்பாலோர் தூங்கிவிடுவார்கள். கைப்பேசிகள் எல்லாம் பெட்டியில் பூட்டியிருக்கும்.

அலைமகள் (டொராண்டோ) எழுதியது:

காற்றுப்பக்கம் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் பள்ளியில் படிக்கும்போது இதுபோன்ற ஒரு முகாமுக்குப் போனவள். பயிற்சியாளர் கண்ணுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். நன்னீர்த் தொட்டி பன்னிரண்டு பேருக்குச் சில நாளுக்குத்தான் வரும். குளியல் என்பது கடலில் குதித்து, ஏணியில் ஏறிச் சோப்புப் போட்டு, மறுபடி குதித்து, கடைசியில் பின்தளத்துக் கைக்குழாயில் சில விநாடி நன்னீர். எங்கள் படகில் ஒருத்தி தலைமுடியை ஆற அமர அலசியதால் அடுத்த துறைமுகத்துக்கு முன்பே தொட்டி காலி. ஒரு நாள் முழுக்க அவளுடன் பாதிப் பேர் பேசவில்லை. எங்கும் எழுந்துபோக முடியாது, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது, 45 அடிப் படகு. இரவுக் கூட்டத்தில் அவளே பேச ஆரம்பித்தாள், அழுதாள், எல்லோரும் பேசினோம். தொட்டியின் அளவு காட்டும் முள்ளைத் தினம் இருமுறை பார்த்து எழுதும் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் தம்பியோடு சண்டை போட்டால் நாள்கணக்கில் பேசாமல் இருந்த எனக்கு, அதே நாளில் சண்டையைப் பேசி முடிக்கலாம் என்பது அங்கேதான் புரிந்தது.

படகுக் கழிப்பறையில் கைப்பம்பு இருக்கும். காகிதம்கூட அதில் போடக் கூடாது, தனிப் பையில்தான். அடைத்துக்கொண்டால் அன்றைக்கு முறை யாருடையதோ அவர்தான் கையுறை போட்டுக் குழாயைக் கழற்ற வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள் என்பது உண்மைதான், கணக்குப்பிள்ளை அங்கிள். அவர்களும் கழற்றினார்கள்.

காற்று பலமாக இருக்கும் இரவில் நங்கூரக் காவல் உண்டு. இரண்டு இரண்டு பேராக மாறி மாறி விழித்திருப்போம். கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு விளக்கையும் ஒரு குன்றின் நுனியையும், ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு அவை விலகுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். கீழே பத்துப் பேர் என்னை நம்பித் தூங்குகிறார்கள் என்ற நினைப்பு அந்த வயதில் எனக்கு அதற்குமுன் வந்ததே இல்லை. பள்ளியில் எந்தத் தேர்வும் அதைத் தரவில்லை.

சைவத்துக்கு: சோறு, பாஸ்தா, டப்பா பீன்ஸ், கொண்டைக்கடலை, டார்ட்டியா, காய்கறி எல்லாம் இருக்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சிறு பொட்டலம் சாம்பார்ப்பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள், அவள் சமையல் முறை வரும் நாளில் படகே கொண்டாடும். எங்கள் படகில் நான் தக்காளி சாதம் செய்தேன், அதற்குப்பின் என்னை வேறெதையும் செய்யவிடவில்லை.

வெயிலில் கவனம் வேண்டும். நம் தோல் கருப்பு, ஒன்றும் ஆகாது என்று சித்தி சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தோளும் காதுமடலும் உரிந்தன. நீளக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். பூச்சுத் தைலம் வாங்கினால் தாதுப்பொருள் வகை வாங்குங்கள். பவளத்துக்குக் கேடான ஆக்சிபென்சோன் கலந்தவற்றைப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் 2020இலேயே தடை செய்துவிட்டார்கள்.

கப்பல்காரர் (தூத்துக்குடி) எழுதியது:

வணிகக் கப்பலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டுமுன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முதலில் புயல். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பரில். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா, உச்ச வகையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக, இந்தத் தீவுகளின் மேலேயே போனது. துறைகளில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த படங்கள் அப்போது உலகமெங்கும் வந்தன. முகாம்கள் ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது இதனால்தான். ஆனால் 'ஜூலையில் பயமில்லை' என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 2024இல் பெரில் என்ற சூறாவளி ஜூலை முதல் தேதியே கிரெனடா பக்கத்துக் கரியாக்கு தீவை அடித்து நொறுக்கியது; ஒரு நாளுக்குள்ளேயே ஐந்தாம் வகையானது. ஆண்டில் அவ்வளவு முன்னதாக அந்த வகைக்கு ஏறிய புயல் அட்லாண்டிக் பதிவில் வேறு இல்லை. ஆகவே நேராகக் கேளுங்கள்: புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை நாள் முன்னதாக முடிவெடுப்பீர்கள்? படகுகளை எங்கே கொண்டுபோய்க் கட்டுவீர்கள்? பிள்ளைகள் எந்தக் கட்டடத்தில் இருப்பார்கள், அல்லது எந்த விமானத்தில் வெளியேறுவார்கள்? டார்டோலாவில் பராக்கீட்டா விரிகுடா என்று சதுப்புமரக் காடு சூழ்ந்த ஒதுங்கிடம் உண்டு, அது படகுகளுக்கு. பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் தராத அமைப்பு வேண்டாம்.

படகின் பெரியவரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று கேளுங்கள். ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் படகோட்ட அமைப்பின் யாட்ச்மாஸ்டர் போன்ற வணிகத் தகுதி இருக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் இரண்டு பெரியவர்களாவது இருக்கிறார்களா, அவர்களில் பெண் ஒருவர் உண்டா, படுக்கை அறைகள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். முக்குளிப்பு உண்டென்றால் முக்குளிப்பில் கோளாறு வந்தால் சிகிச்சை தரும் அழுத்தச் சிகிச்சை அறை அருகில் எந்தத் தீவில் என்று கேளுங்கள். பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். கடைசி நாள் அட்டவணையில் அந்த இடைவெளி இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஆசைக்காகச் சொல்கிறேன். இரவில் துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகை நிற்கிறதோ அதுவே அந்த இடத்தின் அட்சரேகை. உங்கள் நியூஜெர்சியில் 40 பாகை உயரத்தில் இருப்பது அங்கே 18 பாகைக்கு இறங்கிவிடும். கையை நீட்டி முஷ்டியை மூடினால் பத்துப் பாகை. ஆக, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே. எங்கள் தூத்துக்குடியில் ஒரு முஷ்டிகூட வராது. சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்ற சிறு மரப்பலகையில் கயிறு கோத்து, கயிற்றில் முடிச்சுகள் போட்டு, இதே அளவை எடுத்துத்தான் துறைமுகம் சேர்ந்தார்கள். உங்கள் பெண் அந்தக் கணக்கைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

மெரினாவாசி (சென்னை) எழுதியது:

இவ்வளவு செலவும் தூரமும் தேவையா என்று கணக்குப்பிள்ளை கேட்டதற்கு ஒரு மாற்று இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலேயே பிள்ளைகளுக்குப் பாய்மரப் பயிற்சி நடக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் பன்னிரண்டு வயதில் தொடங்கிய நேத்ரா குமணன்தான் 2021இல் ஓமானில் நடந்த தகுதிப் போட்டி வழியாக ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். அதே டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன கணபதி, வருண் தக்கர் இருவரும் சென்னைப் பிள்ளைகள். விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர்.

என் மகனும் இங்கேதான் பழகினான். ஆப்டிமிஸ்ட் என்று 2.3 மீட்டர் நீளப் படகு, ஒரே பாய், ஒரே ஆள். காலையில் காற்று சோம்பலாக இருக்கும். நண்பகலுக்குமேல் கடற்காற்று ஏறும். முதல் பாடமே படகைக் கவிழ்த்து நிமிர்த்துவது. பக்கத்தில் சொல்லித்தர யாரும் இல்லை, பாய் தளர்ந்தால் அவன்தான் இழுக்க வேண்டும், கவிழ்ந்தால் அவன்தான் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்த வேண்டும். பெரிய கேட்டமரானில் பத்துப் பேரில் இரண்டு பேர் வேலை செய்யாமல் ஒளிந்துகொள்ள முடியும். சிறு படகில் ஒளிய இடமே இல்லை. காற்றை உடம்பால் அறிய வேண்டுமானால் இதுதான் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

காற்றுப்பக்கம் எழுதியது:

மெரினாவாசி அண்ணா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். சிறு படகில் பழகிவிட்டு வந்த பிள்ளைகளை எங்கள் சுக்கானில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கன்னத்தில் காற்று மாறியதும் தலை திரும்பும். ஆனால் அங்கே தனியாகக் கற்பது, இங்கே சேர்ந்து வாழக் கற்பது. அலைமகள் சொன்ன நங்கூரக் காவல் ஆப்டிமிஸ்ட்டில் கிடைக்காது. முடிந்தால் இரண்டும் வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆப்டிமிஸ்ட் வயது முடிந்துவிடும், ஆனால் ஐ.எல்.சி.ஏ. போன்ற பெரிய தனியாள் படகுகள் உண்டு. நியூஜெர்சியில் ஏரியும் கடலும் இருக்கின்றன. வசந்த காலத்தில் சில சனிக்கிழமைகள் அங்கே பழகிவிட்டுப் போனால் மகளுக்கு முகாமில் முதல் வாரம் வீணாகாது.

தீவுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து பணம் கட்டி வருகிறவர்களுக்கு மட்டுமே அந்தக் கடல் என்று ஆகிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், 'கிட்ஸ் அண்ட் த சீ' என்ற தன்னார்வ அமைப்பு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் படகோட்டம் சொல்லித்தருகிறது. நீங்கள் சேரும் முகாம் உள்ளூர் மக்களை வேலைக்கு வைக்கிறதா, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் தருகிறதா என்று கேட்பது நல்லது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பதில்களுக்கு நன்றி. விலை இன்னும் அதிகம்தான் என்பேன். ஆனால் மழைத்திரை வந்தபோது அந்தப் பையன் பாயைச் சுருக்கியதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். உள்ளூர் ஏரியில் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அவனே தேட ஆரம்பித்துவிட்டான். அதிலிருந்து தொடங்குகிறோம்.

மல்லிகைப்பந்தல் (சிங்கப்பூர்) எழுதியது:

பெண்பிள்ளைகளின் மாதவிடாய் நாட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அலைமகள்? முக்குளிக்கலாமா, படகில் எப்படிச் சமாளிப்பது?

அலைமகள் எழுதியது:

நல்ல கேள்வி அக்கா. முக்குளிக்கத் தடை எதுவுமில்லை; வலி அதிகமிருந்தால் அன்று வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். எதையும் கழிப்பறையில் போட முடியாது என்பதால் வாசனை வராத சிறு பைகளும் மூடியுள்ள ஒரு டப்பாவும் கொடுத்தனுப்ப வேண்டும். தேவையானதைவிட இரண்டு மடங்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். தீவுகளில் கடை எப்போதும் பக்கத்தில் இருக்காது, படகில் இன்னொரு பெண்ணுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

நெய்தல்அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கப்பல்காரர் ஐயா சொன்ன கேள்விகளைத் தமிழிலிருந்து ஆங்கிலமாக்கி இரண்டு அமைப்புகளுக்கு அனுப்பினேன். ஒருவர் எட்டுப் பக்கப் புயல்திட்டம் அனுப்பியிருக்கிறார், ஒருவர் 'கவலை வேண்டாம்' என்று இரண்டே வரி. இரண்டாவதை விட்டுவிட்டோம். அவள் அப்பா அந்த எட்டுப் பக்கத்தையும் அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மகளுக்குச் சிறுவயதில் இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது, இப்போது சில ஆண்டுகளாக இல்லை. முக்குளிப்புப் படிவத்தில் அதை எழுத வேண்டுமா?

காற்றுப்பக்கம் எழுதியது:

கட்டாயம் எழுத வேண்டும் அக்கா, மறைக்கவே கூடாது. நீருக்கடியிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அது வெளியேற வழியின்றி நுரையீரலைக் கிழிக்கலாம். படிவத்தில் 'ஆம்' என்று குறித்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் இப்போதே நேரம் வாங்குங்கள். நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை எடுக்கச் சொல்லலாம். தீவுக்குப் போன பிறகு படிவத்தை நிரப்பினால் அங்கே கையெழுத்துப் போட மருத்துவரைத் தேடியே இரண்டு நாள் போய்விடும். ஒருவேளை அனுமதி கிடைக்கவில்லை என்றாலும் முகாமை விடவேண்டியதில்லை. முக்குளிப்பு இல்லாமல் படகோட்டம் மட்டும் கற்கும் பிரிவு பல இடங்களில் உண்டு, சுக்கானில் நிற்கும் நேரமும் அதில் கூடுதலாகக் கிடைக்கும். இழுப்பு மருந்துக் குழலை எப்படியும் இரண்டாகக் கொடுத்தனுப்புங்கள், ஒன்று அவள் பையில், ஒன்று படகின் மருந்துப் பெட்டியில்.